துவைத்த சட்டை

"துவைச்சிட்டியா?"

கோட்டைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டே அம்மா கேட்டாள். போரா அண்ணி அதை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பால்கனிக் கொடியில் அண்ணனின் சட்டை, பேன்ட், உள்சட்டை எல்லாம் தொங்கின. சோப்பு வாசனை வாசல்வரை வந்தது.

அண்ணன் கட்டாய ராணுவச் சேவைக்குப் போயிருக்கும் நோன்சான் பயிற்சி முகாமில் சேர்ந்ததும் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சீருடை கொடுத்துவிட்டு, போட்டுக்கொண்டு போன துணியைப் பெட்டியில் கட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். பையனிடமிருந்து வரும் முதல் சேதி அந்தப் பெட்டிதான். அந்தத் துணியில் முகம் புதைத்து அழாத அம்மா கொரியாவிலேயே கிடையாது.

பெட்டி வந்திருக்கிறது என்று முந்தின நாள் அண்ணிதான் போன் செய்தாள். அம்மா சந்தையில் கிம்ச்சி ஊறுகாய்க் கடையை அடைத்துவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வழியில் அம்மாவைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். மீன் கடை ஓக்ஜா சித்தி குரலில், "எம்பையன் லீவுல வர்ற வரைக்கும் அவன் சட்டையத்தான்டி தலைகாணிக்கு மாட்டியிருந்தேன். நான் போனா எஞ்சட்டைய மாட்டுவியான்னு புருஷன் கேட்டான். மீன் நாத்தம் போகட்டும், பாக்கலாம்னேன்" என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணன் மாதிரி ஒரு தடவை அம்மான்னு கூப்பிடு" என்றாள்.

கூப்பிட்டேன்.

"கரகரப்பு பத்தல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது அந்த அம்மாதான் கொடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எம்பையன் துணி அவ்வளவு நாறுச்சா?"

"அழுக்கா இருந்துச்சு அத்தை."

"அந்த அழுக்கத் தேடித்தானே வந்தேன்."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவங்கப்பா நுரையீரல் கெட்டுப்போய்ச் செத்தப்ப, படத்துக்கு முன்னாடி நின்னு சத்தியம் பண்ணான். எனக்காகச் சிகரெட்டையே விட்டவன் அவன். எனக்காக ஒரு சட்டைய விட்டுவைக்க உன்னால முடியல."

"தப்புதான் அத்தை."

"நான் அழுதுட்டுப் போயிருப்பேன். அவ்வளவுதான். கோட்டை எடுத்துட்டு வா யூன்சே, போலாம்."

அந்தச் சத்தியத்தைச் சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருப்பவள் அம்மா. கடைப் பக்கம் யாராவது புகைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எம்பையனைப் பாத்துக் கத்துக்கய்யா" என்பாள். அதை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டி நான் அடி வாங்கியிருக்கிறேன்.

கோட்டு படுக்கை மேல் கிடந்தது. எடுக்கும்போது தலையணை நகர்ந்தது. அடியில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே அண்ணனின் கம்பளித் தொப்பி. காற்றுப் போகாமல் இறுக்கி மூடியிருந்தது.

திறந்தேன். சிகரெட் நாற்றம் குப்பென்று அடித்தது.

"மூடு." அண்ணி பின்னால் நின்றிருந்தாள்.

"அண்ணன் விடவே இல்லையா?"

"முகாம் வாசல் வரைக்கும் பிடிச்சிட்டேதான் போனாரு. பெட்டியப் பிரிச்சா எல்லாத்துலயும் இதே நாத்தம். அத்தை வந்து அதுல முகத்த வச்சா..." மேலே சொல்லாமல் பையை வாங்கி, மறுபடியும் இறுக்கி மூடினாள். "இத மட்டும் துவைக்க எனக்கு மனசு வரல."

"அதுக்கு நீங்க ஏன் திட்டு வாங்கணும்?"

"திட்டுதானே. துணியோட சேந்து அதுவும் காஞ்சிடும். அத்தைகிட்ட சொல்லிடாத."

நான் சொல்லவில்லை. அம்மா படி இறங்கினாள். அண்ணி வாசலில் நின்று குனிந்து வணங்கினாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் நிறுத்தத்தை ஒட்டிய கடை வாசலில் அண்ணன் வயதில் ஒருவர் புகைத்துக்கொண்டிருந்தார். போச்சு, அந்த ஆள் தொலைந்தார் என்று நினைத்தேன்.

அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றாள். மூக்கைப் பொத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

பஸ் வந்தது. "அம்மா, நம்ம பஸ்" என்றேன். அவள் அசையவில்லை. பஸ் போய்விட்டது.

வயதானவள் ஒருத்தி பக்கத்தில் நிற்பதை அப்போதுதான் அவர் கவனித்தார். பெரியவர்கள் முன்னால் புகைப்பதா என்று பதறி, கையை மறைத்துக்கொண்டு சிகரெட்டை அணைக்கக் குனிந்தார்.

"அணைக்காதீங்க தம்பி" என்றாள் அம்மா. "எம்பையனும் இதேதான் பிடிப்பான்."