வயலில் விமான நிழல்

கம்பெனி திவாலாகப் போகிறது என்ற பேச்சு எழுந்ததுமே கேப்டன் தியாகு யாருக்கும் தெரியாமல் வேறொரு கம்பெனியில் வேலை வாங்கிவிட்டான். அதே வாரம்தான் துணை விமானி மணிவண்ணனிடம், "நான் இருக்கேன்ல, நீ எங்கயும் போயிடாதே" என்று சொன்னான். மணிவண்ணன் நம்பி இருந்துவிட்டான். இப்போது விமானங்களெல்லாம் இயந்திரத்துக்கு உறை போட்டுச் சென்னையில் நிற்கின்றன. மணிவண்ணன் கூப்பிட்டால் தியாகு போனை எடுப்பதில்லை. இந்த வாரம் அவனிடமிருந்து போன் வருவதும் நின்றுவிட்டது.

பூதலூரில் தியாகுவின் வயலில் நடவு. அவனும் மனைவி பூமிகாவும் வரப்பில் நின்றிருந்தார்கள். வெயில் தாழும் நேரம், தண்ணீர் கட்டிய வயலின்மேல் ஒரு விமானத்தின் நிழல் வந்தது. வானத்தில் ஒன்றுமில்லை. சத்தமும் இல்லை. நடவுப் பெண்கள் நிமிரக்கூட இல்லை.

வரப்பை நெருங்கியதும் நிழல் இடமும் வலமுமாக இறக்கையைச் சாய்த்தது. திருச்சியில் இறங்க வரும்போது தியாகுவும் மணிவண்ணனும் இந்த வயலுக்குமேல் அப்படித்தான் லேசாகச் சாய்ப்பார்கள். கீழே நின்று பூமிகா கையாட்டுவாள்.

"தினமும் வருதுங்க," என்றாள் பூமிகா. "நான் கையாட்டினா போகமாட்டேங்குது. நீங்க ஒருதரம் ஆட்டிடுங்க."

தியாகுவுக்குக் கை எழவில்லை.

நிழல் ஆற்றோரம் போய்த் திரும்பி மறுபடி வந்தது. நட்ட நாற்றுகள் அதன் கீழே படுத்தன. இந்த முறை அது சக்கரங்களை இறக்கியிருந்தது.