கழிக்க வேண்டிய மேற்கோள்கள்

படிவத்தின் பதினொன்றாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

நான்கு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். இப்போது மூன்று நாற்பது. இதயவியல் துறையில் காலியாக இருப்பது ஒரே ஒரு பேராசிரியர் பதவி. அதன்மேல் நான் கண் வைத்துப் பதினேழு வருடம் ஆகிறது.

பத்தாவது கட்டம் வரை ஜாலியாகத்தான் போனது. வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் நாற்பத்தாறு. அவற்றை மற்ற மருத்துவர்கள் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியது ஐந்நூற்று அறுபத்தொரு தடவை. பதவிக்குக் குறைந்தது ஐந்நூறு வேண்டும். எழுதும்போதே மனசு பேராசிரியர் அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது.

பதினொன்றாவது கட்டம் கேட்டது: கணவன் அல்லது மனைவி காட்டிய மேற்கோள்களைக் கழிக்கவும்.

எங்கோ ஒரு ஜோடி ஒருவரையொருவர் மேற்கோள் காட்டியே பெரிய ஆளாகியிருக்க வேண்டும். அவர்களுக்காகப் போட்ட விதியில் நான் வந்து மாட்டிக்கொண்டேன்.

என் மனைவியும் இதய மருத்துவர்தான். இதே மருத்துவமனையில், புதுக் கட்டடத்தில் இருக்கிறாள். நான் இதயத் தசையை ஆராய்கிறேன், அவள் துடிப்பின் தாளத்தை. நாங்கள் பேசி மூன்று வருடம் ஆகிறது. சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்று ஆரம்பித்த சண்டை, அவளுடைய அம்மா, என்னுடைய அக்கா என்று ஒரு சுற்று சுற்றி, ஆளுக்கொரு வீட்டில் வந்து முடிந்தது. விவாகரத்துக்கு இருவரும் சேர்ந்தே மனு போட்டாயிற்று. கடைசிக் கையெழுத்து அடுத்த மாதம்.

ஆனால் மேற்கோள் மட்டும் நிற்கவில்லை.

அவளுடைய கட்டுரை எது வந்தாலும் நான் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திறப்பேன். அங்கே ஆதாரப் பட்டியலில் என் பெயர் இருக்கும். என் கட்டுரைகளிலும் அவள் பெயர் விட்டுப்போனதில்லை. தசையைப் பற்றி எழுதுகிறவன் தாளத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியுமா? ஆராய்ச்சி வேறு, கோபதாபம் வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

பொய்தான். அந்தப் பட்டியலில் என் பெயரைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

அவள் காட்டியவை மட்டும் எழுபத்துநான்கு. கழித்தால் நானூற்று எண்பத்தேழு. பதவி அம்போ.

மூன்று வருடமாக முகத்தைக்கூடப் பார்க்காதவளை மனைவி என்று எழுதினால்தானே தப்பு? நீதிமன்றம் ஒரு மாதம் இழுத்தடித்தால் அதற்கு நானா பொறுப்பு? என் வக்கீல்கூட எனக்காக இவ்வளவு நன்றாக வாதாடியதில்லை.

'பொருந்தாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அலுவலகத்தில் எழுத்தர் அம்மா படிவத்தை வாங்கி, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக்கொண்டே வந்தார். மாணவர்களின் விடைத்தாளை நான் ஒருநாளும் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. பதினொன்றில் விரல் நின்றது. காலையிலேயே வந்துவிட்ட படிவங்களின் அடுக்கிலிருந்து ஒன்றை உருவி, என்னுடையதன் பக்கத்தில் வைத்தார்.

அவள் கையெழுத்து.

அவளும் விண்ணப்பித்திருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மொத்த மேற்கோள்கள் ஐந்நூற்று நாற்பத்தெட்டு. பதினொன்றாவது கட்டத்தில் 'கணவர்' என்று போட்டு, என் பெயரை முழுசாக எழுதி, ஐம்பத்திரண்டைக் கழித்திருந்தாள். மிச்சம் நானூற்றுத் தொண்ணூற்றாறு.

நான்கே நான்கு குறைவு. தேறாது என்று தெரிந்தேதான் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"மேடம் உங்கள வீட்டுக்காரர்னு போட்டு கழிச்சிருக்காங்க, நீங்க பொருந்தாதுன்னு போட்டிருக்கீங்க. ரெண்டு பேர்ல யாரோ தப்பா எழுதியிருக்கீங்க டாக்டர்."

"நான்தான். குடுங்க, மாத்தித் தரேன்."

'பொருந்தாது' என்பதை அடித்துவிட்டு, மேலே அவள் பெயரை எழுதி, எழுபத்துநான்கைக் கழித்தேன். எழுத்தர் அம்மா மிச்சத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார்.

மேடத்தின் அறை எந்த மாடியில் இருக்கிறது என்று அவரிடம் கேட்டேன்.