மெழுகு வைத்த பாட்டில்

"இதுல கையெழுத்துப் போடும்மா சபுரா. சுத்தம் பண்றப்போ பாட்டில் மூடிகளைத் திறந்தது நான்தான்னு ரெண்டே வரி."

"போடமாட்டனுங்க சார்."

தட்டச்சு செய்த தாள் பேராசிரியர் லட்சுமிநாராயணன் கையிலேயே நின்றது. கல்லூரி ஆய்வுக்கூடத்தைப் பெருக்கித் துடைக்க வந்த பதினோரு வருஷத்தில், சபுரா அவரை மறுத்துப் பேசியது இதுதான் முதல் தடவை.

மேஜையில் பன்னிரண்டு பாட்டில்கள். சாயப்பட்டறைக் கழிவின் கந்தக நாற்றத்தைத் தின்று, வெளிச்சத்தில் வளரும் நுண்ணுயிர்கள். போன மாதம் நாவல்பழ நிறம்; இன்றைக்கு அரிசி கழுவிய தண்ணீர். நாளை மறுநாள் டெல்லியிலிருந்து அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள்.

ஆராய்ச்சி மாணவி ரூத் தலைகுனிந்தபடியே சொன்னாள். "காத்து பட்டா அதுங்க நிறம் உண்டாக்குறதையே நிறுத்திரும், சபுராக்கா. நிறம் போனா வெளிச்சத்தை வெச்சுப் பொழைக்கவும் முடியாது."

"தெரியுமுங்க அம்மணி."

"தெரிஞ்சுமா திறந்தே? நாத்தம் தாங்கலையாக்கும்" என்றார் பேராசிரியர்.

"நாத்தம் பழகிப்போச்சுங்க. மூடியில நான் கையே வெக்கலீங்க."

"கையெழுத்து இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

"வரலீங்க. வேலை போனாப் போகுது. செய்யாததைச் செஞ்சேன்னு எழுதித் தரமாட்டேன்."

அவள் தோளில் சோற்றுப்பை கனத்துத் தொங்கியது. அவர் கண் அங்கே போனது.

"பையில என்ன? எடு வெளியே."

எடுத்து வைத்தாள். பழைய சர்பத் பாட்டில். கழுத்து முட்ட நிரப்பி, மூடியைச் சுற்றி மெழுகுவர்த்தி உருக்கி ஊற்றியிருந்தது. உள்ளே நல்ல நாவல்பழ நிறம்.

"ஓகோ, திருட்டு வேறயா?"

"சாக்கடையில ஊத்தச் சொன்ன மிச்சமுங்க. மனசு வராம ஊட்டு ஜன்னல்ல வெச்சிருந்தேன். இங்க எல்லாம் வெளுத்துப்போச்சேன்னுதான் கொண்டாந்தேன். இதை வெச்சு மறுபடி வளத்துக்கலாமில்லீங்க?"

ரூத் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "உயிரோட இருக்கு சார்."

அவர் குரல் இறங்கிவிட்டது. "துளி காத்துக்கு இடமில்லாம நிரப்பி மெழுகு வைக்கணும்னு உனக்கு யார் சொல்லிக்கொடுத்தா?"

"நீங்கதானுங்க சார். ஆள் வர்றப்பவெல்லாம் ஒவ்வொரு பாட்டிலா மூடியைத் திறந்து மோந்து பாக்கக் குடுத்துப்போட்டு, 'இதுல காத்து மட்டும் பட்டுரக் கூடாது'ன்னு சொல்லுவீங்களே."