கென் – தெரியும்

“நான் வேணும்னு கொட்டலை சித்ரா. டம்ளர் தானாச் சாஞ்சிருச்சு.”

டம்ளர் தானாகச் சாயவில்லை. மனைவி சித்ராதேவி எந்தப் பக்கத்தில் அடையாளம் வைத்திருக்கிறாள் என்று எட்டிப் பார்த்தபோது மயில்சாமியின் முழங்கை செய்த வேலை அது. முழு டம்ளர் டீயும் நாவல் மேல் ஓடியது.

“தொடச்சு வெயில்ல வெய்ங்க” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

பனியன் கம்பெனி முதலாளி வீட்டில் வேஸ்ட் துணிக்கா பஞ்சம்? ஒரு கை அள்ளி வந்து ஒற்றினார். அட்டையில் மலை, மூடுபனி, இடிந்த கோட்டை, கட்டம் போட்ட பாவாடையில் ஓர் ஆள். தையலில் கட்டத்துக்குக் கட்டம் சேரவில்லை. நம் யூனிட்டாக இருந்தால் இவனைச் செக்கிங்கிலேயே ஒதுக்கியிருப்போம் என்று நினைத்ததில் அவருக்கு ஓர் அற்பத் திருப்தி.

மூன்று மாதத்தில் இது பதினோராவது புத்தகம். எல்லாமே ஸ்காட்லாந்துக் கதை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் இந்த பி.ஏ. இங்கிலீஷ்காரி சோப்பு உறையைக்கூடப் படித்ததில்லை. அதோடு, மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு போன் வரும். கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள், சிரிப்பாள். மூன்று வருடமாகச் சிரிப்பே இல்லாத வீடு அது. அதற்குக் காரணம், வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு போன மகள். அவள் பெயரை இனி இங்கே யாரும் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டவர் மயில்சாமி. தினமும் காலையில் மனசுக்குள் அதை மீறுகிறவரும் அவரேதான்.

ஈரப் பக்கத்தைப் பிரித்தார். ஓரத்தில், பென்சிலில், சித்ராவின் கையெழுத்து: ‘கென் – தெரியும்.’

ஷிப்மெண்ட்டைத் தாண்டி அவருக்கு இங்கிலீஷ் வராது. யூனிட்டில் மெர்ச்சண்டைசர் பிரிசில்லாவுக்குப் போன் போட்டு, யாரோ பையர் விஷயம் போல விசாரித்தார்.

“கென்னா? ஃபாரின்ல ஆம்பளைங்களுக்கு வைக்கிற பேருல்லா சார். ஆளு நல்ல உயரமோ?” என்றாள் அந்தத் தூத்துக்குடிக்காரி.

போனை வைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். ‘போனி – அழகு.’

கடையில் முதல் வியாபாரத்துக்குப் பேர் போனி. அதில் என்ன அழகு? ஆக, கென்னைத் தெரியும்; ஆளும் அழகு. மயில்சாமி கண்ணாடி முன் நின்று தொப்பையை உள்ளே இழுத்துப் பார்த்தார். அது வருவதாக இல்லை.

இன்னொரு பக்கம். ‘பெர்ன் – குழந்தை.’

சித்ராதேவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

“நான் முசுடுதான், ஒத்துக்கறேன். போறதுன்னாலும் போ. அந்த கென்னு யாருன்னு மட்டும் நேராச் சொல்லிப்போடு.”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏனுங்க, கென்னு ஆளே இல்லீங்க. அந்த ஊர்ல ‘தெரியும்’ங்கறதை அப்படித்தான் சொல்லுவாங்களாம். போனின்னா அழகு, பெர்ன்னா குழந்தை. மறந்துபோகும்னு அர்த்தம் எழுதி வெச்சிருக்கறனுங்க.”

மயில்சாமிக்கு உயிர் திரும்பியது. கூடவே அடுத்த சந்தேகமும் வந்தது. இந்த வயதில் அந்த ஊர்ப் பேச்சு இவளுக்கு எதற்கு என்று கேட்டார்.

சிரிப்பு நின்றது. நனைந்த பக்கத்தை முந்தானையால் ஒற்றியபடி, நிமிராமலே சொன்னாள்.

“மூணு மணிக்குக் கூப்புடறது அந்த ஊர்ல இருக்கற நம்ம சம்பந்தியம்மாளுங்க. அவங்க பேசற இங்கிலீஷ் எனக்குப் பிடிபடலை, அதான் கதையைப் படிச்சுக் கத்துக்கறேன். நம்ம அக்ஷராளுக்குப் பொண்ணு பொறந்து இன்னியோட நாப்பது நாளுங்க. ஒரு பேத்திக்கு நீங்க அப்புச்சி ஆயிட்டீங்க.”