கடல் தெரியும் பக்கம்

ஜெயந்த் அத்திம்பேர் என் தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்துக்கொண்டு என் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

தலை தீபாவளிக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை. எங்கே உட்கார்ந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

அவர் மடியில் லேப்டாப். ஒட்டினாற்போல் மீரா அக்கா, மடிப்புக் கலையாத புதுப் புடவையில். நான் அலமாரி ஓரமாக நின்று, மடித்த துணியையே மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் தீபாவளியும் காளி பூஜையும் ஒரே நாளில் வந்திருந்தன. கல்கத்தா சால்ட் லேக்கில் எங்கள் பிளாக்கின் பந்தலில் மதியமே மேளம் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு வெடிக்கும் அத்திம்பேருக்குத் தோள் தூக்கிப்போட்டது.

"புனேல வெடியே கிடையாதா?" என்று அக்கா சிரித்தாள்.

நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் எதிர் ஃபிளாட் வங்காளி மாமி தேங்காய் உருண்டைத் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தார். "ராஜகுமாரன் மாதிரி ஜாமாய்!" என்று வங்காளத்தில் மாப்பிள்ளையைப் புகழ்ந்துவிட்டு அம்மாவைத் தேடிப் போனார். அத்திம்பேருக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா மொழிபெயர்க்காமல் வெட்கப்பட்டாள்.

ஏப்ரலில் இருவரும் பிரிட்டன் போகிறார்கள்.

லண்டன், யார்க், நடுவில் ஏரிகள், கடைசியில் எடின்பரோ. அந்த வரிசை நாங்கள் போட்டது.

நாங்கள் என்றால் அக்காவும் நானும். பதினோராம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்ட வருடம், வாசல் தாண்டாமல் கிடந்தேன். அக்கா கல்லூரியிலிருந்து வந்ததும் இதே கட்டிலில் என் பக்கத்தில் விழுவாள். "இன்னிக்கு எங்க இறங்கறோம்?" என்பாள். நான் சொல்வேன். ரயிலைப் பிடிப்போம். ஹோட்டலில் பெட்டியை வைப்போம். மழையில் நனைவோம். அம்மா காபிக்குக் கூப்பிட்டால் திரும்பி வருவோம்.

அந்தப் பயணத்தில் மூன்றாவது ஆள் கிடையாது.

"ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்கற இந்த ஹோட்டல் வேண்டாம் மீரா. ரூம் தீப்பெட்டியாட்டம் இருக்கு," என்றார் அத்திம்பேர்.

அதன் மாடி ஜன்னல் ஒன்று எங்களுடையது.

"சரி," என்றாள் அக்கா.

"யார்க்ல ராத்திரி தங்கணுமா என்ன? பாத்துட்டுக் கிளம்பிடலாம்."

அந்த ஊரின் பழைய மதில் மேல் ஒரு முழுச் சுற்று நடப்பதாக இருந்தோம்.

"சரி."

"ஏரிக்கெல்லாம் நாமளே பஸ் மாறி அலைய வேண்டாம். டூர் வண்டி இருக்கு. காலம்பற அழைச்சுண்டு போய் சாயங்காலம் கொண்டு விட்டுடுவான்."

"சரி."

எனக்கு உள்ளே எரிந்தது. ஒன்றுக்காவது மாட்டேன் என்று சொல்லக் கூடாதா? கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் எல்லாம் மறந்துவிட்டதா?

அத்திம்பேர் கெட்டவர் இல்லை. எனக்கென்று ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்திருந்தார். நான் அதைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

எடின்பரோ ரயிலுக்கு இடம் பிடிக்க வேண்டியிருந்தது. திரையில் ரயில் பெட்டியின் படம் விரிந்தது. நடுவில் வழி, இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கட்டங்கள்.

"வழியில கடல் தெரியுமாமே. எந்தப் பக்கம்?"

"அவளைக் கேளு. நம்மாத்து லண்டன் ஆபீசர் அவதான்," என்றாள் அக்கா.

அத்திம்பேர் என் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா சைத்து. கல்கத்தாக்காரா எல்லாரும் லீவு விட்டா டார்ஜிலிங் போறா. என் மச்சினி மட்டும் கட்டில்லேர்ந்து இறங்காமலே லண்டன் போயிட்டு வரா!"

அக்கா அவர் கையைக் கிள்ளினாள். அந்தக் கிள்ளல்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

நியூகாசில் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கடல் வரும். வடக்கே போகிற ரயிலுக்கு அது வலப்பக்கம். பாறைகளும் வெள்ளை அலையுமாகக் கூடவே ஓடிவரும். அந்த இடம் வந்தால் நானும் அக்காவும் பேசுவதை நிறுத்திவிடுவோம்.

ஹோட்டலை அவர் எடுத்துக்கொள்ளட்டும். மதிலையும் ஏரியையும் எடுத்துக்கொள்ளட்டும். இதை மட்டும் அவளோடு உட்கார்ந்து அவர் பார்க்கக் கூடாது.

"இடது பக்கம்," என்றேன்.

வெடிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதருகே கையை வைத்துக் குனிந்தார்.

"இடது பக்கம்."

இரண்டாவது தடவை சுலபமாக வந்தது.

அவர் நெற்றியைச் சுருக்கினார். "எங்க ஆபீஸ் மஹாதேவன் போயிட்டு வந்தான். வலது பக்கம்னு சொன்னாப்பல ஞாபகம். எதுக்கும் மேப்பைப் பாத்துடலாமா?"

என் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. மேப்பைத் திறந்தால் போதும். அக்காவுக்கு எதிரிலேயே தெரிந்துவிடும்.

அக்கா லேப்டாப்பைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"மேப்பெல்லாம் ஒண்ணும் வேண்டாம். என் தங்கை சொன்னா சொன்னதுதான்."

"அப்புறம் கடல் தெரியலைன்னா?"

"தெரியலைன்னா நான் இன்னொரு தடவை போய்க்கறேன்."

இடப்பக்கத்தில் இரண்டு கட்டங்களை அழுத்தினாள். அவை நிறம் மாறின. அத்திம்பேர் சிரித்துக்கொண்டே தலையணையில் சாய்ந்தார்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட அந்த வருடம், காய்ச்சலில் சுருண்டு கிடந்த ஒரு நாளில், அந்த ரயிலின் வீடியோவை முதன்முதலாகப் போனில் போட்டுக் காட்டியது அவள்தான். திரையின் வலது ஓரத்தில் விரலை வைத்து, "நாம இந்தப் பக்கம்தான் உக்காரணும், சைத்து. மறந்துடாதே," என்று சொன்னதும் அவள்தான்.