காதோரம் ஒருவர்

"அதைத் தொடாதே. பக்கத்துல இருக்கறதை எடு."

நஸீஹாவின் தூரிகை அந்தரத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு பக்கத்து வண்ணத்துக்கு நகர்ந்தது.

"கொஞ்சம்தான். போதும், போதும்."

கேட்டுக்கொண்டிருந்த ஷிராஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மஹ்தியா ஊரில் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், ஓவியர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கடலோரப் பாறைகளில் பலகையும் துணியுமாக வந்து நின்றுவிடுவார்கள். அவர்களைப் படம் பிடித்து இணையத்தில் போடுவது ஷிராஸ். யாரும் கேட்டுச் செய்வதில்லை, ஆசைதான்.

அன்று கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. மூட்டத்துக்குள் வரைகிறவர்கள் தூக்கத்தில் நடப்பவர்கள் மாதிரி மெல்ல அசைந்தார்கள். அலைகூடச் சத்தம் போடவில்லை. அவ்வளவு அழகையும் ஹெடி ஒருவரின் முணுமுணுப்பு கெடுத்துக்கொண்டிருந்தது.

ஹெடி ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். தூரிகை பிடித்து நாலு வருஷம் ஆகிறது. தன் படத்தைப் பாதியில் விட்டுவிட்டு நஸீஹாவின் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பார். காதோரம் குனிவார். அதை எடு, இதை விடு என்பார். நஸீஹாவோ நாற்பது வருஷமாகக் கடலை வரைகிறவர். அவருக்குப் போய் இவர் பாடம் எடுக்கிறார்.

"சித்தி, உங்களுக்குக் கோபமே வராதா?" என்று ஷிராஸ் ஒருமுறை கேட்டும் பார்த்தாள்.

"எதுக்கு மகளே?"

"அந்த மனுஷன் வாயே மூட மாட்டேங்கிறாரே."

"பழகிப்போச்சு. நீ இந்த ரொட்டியைச் சாப்பிடு. உள்ளே தடவின ஹரிஸா மிளகாய் விழுது கொஞ்சம் காரமா இருக்கும்."

பாவம், பயந்த சுபாவம் என்று ஷிராஸ் முடிவு கட்டிவிட்டாள்.

அதனால்தான் அன்று குறி பார்த்து எடுத்தாள். ஹெடியின் நீட்டிய விரல், நஸீஹாவின் குனிந்த தலை, பின்னால் வெள்ளைக் கடல். கீழே எழுதினாள்: "நாற்பது வருஷம் வரைந்த பெண்ணுக்கு நாலு வருஷம் வரைந்த ஆண் வகுப்பு நடத்துகிறார்."

சாயங்காலத்துக்குள் நாடே பார்த்துவிட்டது.

"எங்க ஆபீஸ்லயும் இப்படி ஒண்ணு இருக்கு."

"கிழவனைக் கடல்ல தள்ளிட்டு, குளிர் எப்படின்னு கேளுங்க."

"அந்தம்மா கையில தூரிகைதானே இருக்கு, மூக்குல ஒரு கோடு இழுத்துட்டா என்ன?"

ஷிராஸ் ஒவ்வொன்றுக்கும் இதயம் போட்டுக் கை ஓய்ந்தாள். ஒரு பெண்ணுக்காகப் பேசிவிட்டோம் என்ற நிறைவு. அன்று நன்றாகத் தூங்கினாள்.

புதன்கிழமை, குழுவை நடத்தும் தௌஃபீக் போன் செய்தார்.

"மீன் கடையிலயே ஹெடியை வெச்சுச் சிரிச்சாங்களாம், ஷிராஸ். மனுஷன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலை."

"சொல்றதுக்கு அவர்கிட்ட என்ன இருக்கு?"

"இனிமே வரலைன்னு சொல்லி அனுப்பிட்டார்."

"நல்லதாப் போச்சு. சித்தி நிம்மதியா வரைவாங்க."

அடுத்த ஞாயிறு மூட்டமே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் நீலம். பார்த்துக்கொண்டே இருந்தால் நாமும் கரைந்துபோய்விடுவோம் என்று தோன்றும் நீலம். 'கடைசியில் நிம்மதி' என்று தலைப்பை மனதுக்குள் எழுதிக்கொண்டே ஷிராஸ் நஸீஹாவைத் தேடிப் போனாள்.

மற்றவர்களின் துணிகளில் கடல் பாதி நிறைந்திருந்தது. நஸீஹாவின் துணியில் கரிக்கோட்டில் நாலு பாறைகள் மட்டும். தட்டில் வண்ணங்களெல்லாம் பிதுக்கி வைத்தது வைத்தபடி இருந்தன. தூரிகை நனையவே இல்லை.

"என்ன சித்தி, வியாழக்கிழமை கண்காட்சியாச்சே. இதைத்தானே கொடுக்கணும்?"

"ஆமாம்."

"இப்பதான் காதுல யாரும் ஓதறதில்லையே. உங்க இஷ்டத்துக்கு வரையுங்க."

நஸீஹா நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூட ஷிராஸ் தாங்கியிருப்பாள். அந்த முகத்தில் கோபமே இல்லை.

"உண்மையை உன்கிட்டச் சொல்லிடறேன்னு ஹெடிகிட்டச் சொன்னேன். விடலை."

"ஏன்?"

"நஸீஹா, தெரிஞ்சா இனிமே நீ வரையற படத்தை யாரும் பார்க்க மாட்டாங்க, உன்னைத்தான் பார்ப்பாங்கன்னார். திட்டெல்லாம் எனக்குத்தானே வருது, வந்துட்டுப் போகட்டும்னார்."

"அப்புறம் ஏன் வரலை?"

"அவர் வந்து நின்னா எல்லாரோட கேமராவும் எங்க பக்கம் திரும்புமே. அதுக்குத்தான்."

ஷிராஸின் கழுத்தில் தொங்கிய கேமரா திடீரென்று கனத்தது.

"எது தெரிஞ்சா, சித்தி?"

நஸீஹா சுற்றிலும் பார்த்தார். மற்றவர்கள் தள்ளித்தான் இருந்தார்கள். வண்ணத்தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். ஒரு பச்சை, ஒரு நீலம், ஒரு சிவப்பு. விரல் மூன்றுக்கும் மேலாகப் போய்ப் போய் வந்தது.

"ரெண்டு வருஷமா எனக்கு எல்லாமே சாம்பலாத்தான் தெரியுது, மகளே. இதுல எது கடல்?"