டாக்டர் வேண்டாம் என்றது

அப்பாவுக்காக கேக் செய்ய எடுத்த பேக்கிங் பவுடரைக் கணவன் வாங்கிக்கொண்டதும் அவளுக்கு எரிச்சல் வந்தது. அவன் ஜிம் பயிற்சியாளன். தன் வே புரோட்டீன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டின் லேபிளையும் படித்தான்.

"என் பவுடர் முழுக்கப் புரதம். இதுல அது துளியும் இல்ல. சோடியமும் பாஸ்பேட்டும்தான். உங்கப்பா கிட்னிக்கு ஆகவே ஆகாது."

"உங்ககிட்ட முகம் கொடுத்துப் பேசாதவர் மேல இவ்வளவு அக்கறையா?"

அவன் தன் டப்பாவையும் ஒதுக்கி வைத்தான்.

"அது நீங்க தினம் குடிக்கிறதாச்சே?"

"டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டார்."

"உங்களுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு கிட்னியும் நல்லா இருக்காம். ஒண்ணு மாமாவுக்குப் பொருந்துதாம். யாரோடதுன்னு இப்பவே சொல்லிடாத, வேணாம்னுடுவார்."